அளவு ரவிக்கை வாங்காத கடை

என் மனைவியின் கடையில் அளவு ரவிக்கை வாங்குவதில்லை. அரூரில் மட்டுமல்ல, நான் அறிந்தவரை எந்த ஊரிலும் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் பெண்கள் புதுத் துணியோடு பழைய ரவிக்கை ஒன்றையும் சுருட்டி எடுத்து வருவார்கள். அதுதான் அளவு. தையல்காரர் அதை மேசையில் விரித்து, புதுத் துணியின் மேல் வைத்து, சுற்றிக் கோடு போட்டு வெட்டிவிடுவார். ஆளைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. யார் கையிலாவது கொடுத்தனுப்பினால் போதும்.

“ஆளு எங்கீங்க?” என்பாள் என் மனைவி.

“ஆளு எதுக்கு கண்ணு? அதான் அளவு இருக்குதே.”

“இது இந்த ரவிக்கையோட அளவுங்க அத்தை. உங்க அளவு இல்ல. இத எப்பத் தச்சீங்க?”

“எம்மவ கல்யாணத்துக்கு.”

“அவங்களுக்கு எத்தன புள்ளைங்க?”

“ரெண்டு. பெரியவன் பள்ளிக்கூடம் போறான்.”

“அப்ப இந்த அளவும் பள்ளிக்கூடம் போற வயசு. உள்ள வந்து கையத் தூக்குங்க.”

சிலர் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். சிலர் “தைக்கத் தெரியாதவ பேச்சப் பாரு” என்று எதிரிலிருந்த இன்னொரு தையல்கடைக்குப் போனார்கள். போனவர்களைப் பற்றி அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கவலை எனக்குத்தான்.

நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் மேசை போட்டிருக்கும் ஆவண எழுத்தர். கிரயமோ, தானமோ, பாகப்பிரிவினையோ, எதுவானாலும் தேதிதான் முதல் வரி. ஆங்கிலத் தேதி, தமிழ் மாதம், கிழமை என்று எழுதிப் பழகிய கை, வீட்டு விஷயங்களையும் அப்படியே அடுக்கி வைத்துக்கொள்கிறது. எந்த மார்கழியில் பனி அதிகமாகி மாம்பூ கருகியது, எந்த ஆடியில் தென்பெண்ணையில் கரையைத் தொட்டுத் தண்ணீர் வந்தது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் நடுகல் தேடிப் போவேன். இந்த மாவட்டத்தில் வரப்போரம், ஏரிக்கரை, புளியமரத்தடி என்று எங்கு பார்த்தாலும் நடுகல் உண்டு. பார்த்ததைப் படமெடுத்து, கல்வெட்டுத் தொகுப்புகளோடு ஒப்பிட்டு, வரலாற்று ஆர்வலர்கள் நடத்தும் சிறு இதழ் ஒன்றுக்கு எழுதுவேன். இப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள்தான், பழைய அளவு செல்லாது என்று சொல்கிற பெண்.

அவள் சேலத்தில் ஆடை வடிவமைப்பில் பட்டயம் படித்தவள். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் கடை பிடித்தபோது பலகை எழுத வந்தவர் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“லேடீஸ் டைலர்னு போட்டுட்டா எல்லாருக்கும் புரியுமுங்க. இதென்னங்க, ஆடை வடிவமைப்பாளரு? பலகைய விட நீளமா இருக்குது.”

“புரியாதவங்க வந்து கேக்கட்டும்.”

“கேட்டா என்ன சொல்வீங்க?”

“பேஷன் டிசைனர்னு சொல்வேன்.”

“அதுக்கு டைலரே தேவலைங்க,” என்றார் அவர். ஆனாலும் எழுதிக் கொடுத்தார். கடைசி இரண்டு எழுத்துகள் சற்று ஒல்லியாக, ஓரத்தில் ஒடுங்கி நின்றன. ஊரில் எல்லோரும் அவளை டைலரம்மா என்றே அழைத்தார்கள்.

பேஷன் என்றால் அந்த நாளில் அரூருக்கு வந்துசேர்ந்திருந்தது முதுகில் பெரிய ஜன்னல் வைத்து, கயிறு கட்டிக் குஞ்சம் தொங்கவிடும் ரவிக்கை. தோளிலிருந்து முழங்கைவரை மணியும் ஜரிகையும் வைத்த ஆரி ஒர்க். கொக்கி முதுகுப் பக்கம். இவற்றையெல்லாம் அவளுக்கு நன்றாகவே தைக்கத் தெரியும். தைக்கமாட்டேன் என்பாள். “முதுகுல கொக்கி வச்சா மாட்டிவிட இன்னொரு ஆளு வேணும். ஒருத்தி தானா போட்டுத் தானா கழட்ட முடியாதத நான் தைக்க மாட்டேன்.” உள்பாவாடையில் செல்போன் வைக்கும் அளவுக்குப் பை வைத்தாள். ரவிக்கையின் உள்பக்கம் சின்னதாக ஒரு பை. எதிர்க்கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு, “அடுத்தது ரவிக்கைக்கு காலர் வச்சு டை கட்டி விடுவீங்களாம்மா?” என்று கேட்டார். “உங்க வூட்டம்மா கேட்டா வச்சுத் தருவேங்க,” என்றாள்.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிறு அவளையும் நடுகல் பார்க்க அழைத்துப்போனேன். ஆவணி மாதம். தீர்த்தமலைக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கல்லக்காய்க் கொல்லையின் ஓரம்; நிலக்கடலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கல்லில் வீரன் வாளோடு நிற்கிறான். பக்கத்தில் அவன் மனைவி, ஒரு கையை வளையல்களோடு நேராக மேலே உயர்த்தியபடி. கணவனோடு தீயில் இறங்கியவள் என்பதற்கு அந்த உயர்த்திய கைதான் அடையாளம். நான் வாளின் வடிவத்தையும் கொண்டையின் சாய்வையும் வைத்துக் காலத்தைக் கணித்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பெண்ணின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இவ என்ன கட்டியிருக்கா?”

“கொசுவம் மாதிரி தெரியுது. இடுப்புக்குக் கீழ மடிப்பு இருக்குது பாரு.”

“மேல?”

“மேல ஒண்ணும் காணோம்.”

“அதான் கை இவ்ளோ ஒசரம் போகுது,” என்றாள். எழுந்து நின்று அதேபோல் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். தோள் தாண்டிக் கொஞ்சம் போனதும் ரவிக்கை இழுத்துப் பிடித்தது. இன்னும் தூக்கினாள். அக்குளில் தையல் விட்டுக்கொடுக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

கொல்லையில் காய் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து, “என்னாங்க சாரு, கல்லப் பாக்க வந்துட்டு வூட்டம்மாவ செலையா நிக்க வச்சுட்டீங்க?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரித்தபடியே அவர்களிடம் போய், குனியும்போது எங்கே பிடிக்கிறது, கூடையைத் தலைக்கு ஏற்றும்போது எங்கே பிடிக்கிறது என்று கேட்க ஆரம்பித்தாள். நான் கல்லோடு தனியாக நின்றேன். வெயில் சாய்ந்தபிறகுதான் திரும்பினோம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து, என் தோள்மேல் விரலால் ஏதோ வரைந்துகொண்டே வந்தாள். கை இழுக்காமல் மேலே போவதற்காக அக்குளில் வைத்துத் தைக்கும் சாய்சதுரத் துண்டு என்று பிறகு தெரிந்தது. அதன்பின் அவள் தைத்த எந்த ரவிக்கையிலும் அந்தத் துண்டு இருந்தது. கடைக்குள் வருகிற பெண்ணை உட்காரச் சொல்வாள், குனியச் சொல்வாள், உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பஸ் கம்பியாக நினைத்துப் பிடிக்கச் சொல்வாள். அதற்குப் பிறகுதான் டேப்பை எடுப்பாள்.

அந்த நாட்களில் என் சட்டையில் எப்போதும் நூல் ஒட்டியிருக்கும். பதிவு அலுவலகத்தில் யாராவது என் தோளிலிருந்து சிவப்பு நூலோ பச்சை நூலோ எடுத்துக் கீழே போட்டு, “சாரு வூட்டுல இன்னிக்குக் கிளிப்பச்ச” என்பார்கள். அவள் வாயில் ஊசிகளைக் கவ்வியிருக்கும்போது நான் எதைக் கேட்டாலும் பதில் “ம்” மட்டும்தான். அந்த ஒரு “ம்”மில் சரி, வேண்டாம், அப்புறம் என்று எல்லாவற்றையும் சொல்லுவாள். எனக்கும் புரிந்துவிடும்.

எல்லாவற்றையும் மாற்றியது ஒரு கல்யாண ரவிக்கை.

மாப்பிள்ளை வீடு அரூர். பெண் வீடு கம்பைநல்லூருக்குப் பக்கத்துக் கிராமம். இரண்டும் நிலபுலன் உள்ள குடும்பங்கள். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. அதற்கான ரவிக்கையும் அவர்கள்தான் தைத்துக் கொண்டுபோக வேண்டும். பெண் வீட்டிலிருந்து அளவு ரவிக்கை வெற்றிலை பாக்கோடு வந்துவிடும். நிச்சயம் ஆனபின் தாலி ஏறும்வரை மணப்பெண் மாப்பிள்ளை ஊரின் எல்லையை மிதிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளையின் தாயார் பட்டுத்துணியையும் அளவு ரவிக்கையையும் தட்டில் வைத்தே கொண்டுவந்தார். என் மனைவி துணியை எடுத்துக்கொண்டு அளவு ரவிக்கையைத் தட்டிலேயே விட்டாள்.

“பொண்ண வரச் சொல்லுங்க அத்தை.”

“ஏம்மா, தெரிஞ்சுதான் பேசறியா? தாலி கட்டறதுக்கு முந்தி எங்க ஊருக்கு வந்து, உங்கடையில கையத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா எம்மருமவ?”

“கல்யாணத்துல கையத் தூக்கித்தானுங்க மாலை போடணும்.”

“வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல?”

“இருக்கட்டுங்க. நான் வேணா அவங்க ஊருக்குப் போயி எடுத்துட்டு வர்றேன்.”

“எங்க சீரு ரவிக்கைக்கு நீ பொண்ணு வூட்டுல போயி நிப்பியா? எங்களுக்கு என்ன மருவாத?” என்று அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். துணி மட்டும் எங்கள் மேசையில் கிடந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து மத்தியானம் நான் கடைக்குச் சாப்பிட வந்திருந்தேன். ஸ்கூட்டர் ஒன்று கடை முன்னால் நின்றது. ஹெல்மெட்டோடு ஒரு பெண் உள்ளே வந்து, கதவைச் சாத்தினாள்.

“அக்கா, நீங்க வரச் சொன்ன கல்யாணப் பொண்ணு நான்தான். டூட்டி முடிஞ்சு நேரா வர்றேன். சுருக்க அளவெடுங்க. மாமியார் வூடு ரெண்டு தெரு தள்ளித்தான்.”

தருமபுரியில் மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருப்பவள். என் மனைவி, “ஹெல்மெட்டையாச்சும் கழட்டும்மா” என்றாள்.

“வேணாங்க்கா. யாராச்சும் பாத்தா சாப்பாடு குடுக்க வந்த ஆளுன்னு நெனச்சுக்கட்டும்.”

நான் சாப்பாட்டுத் தட்டோடு பின்கட்டுக்குப் போய்விட்டேன். குரல்கள் மட்டும் கேட்டன. “எங்கக்கா கல்யாணத்துல ஆரி ஒர்க்குதான். மணி குத்தி முதுகெல்லாம் கோடு கோடா செவந்து போச்சு. பாவம், எல்லாப் படத்துலயும் அழுவற மாதிரியே நிக்கறா. எனக்குச் சிரிக்கணும், மூச்சும் வுடணும். ரெண்டுக்கும் எடம் வச்சுத் தைங்கக்கா.” என் மனைவி ஊசிகளுக்கு நடுவிலிருந்து “ம்” என்றாள்.

கல்யாணம் தீர்த்தமலை அடிவாரத்து மண்டபத்தில், வைகாசி வளர்பிறையில். பட்டு ரவிக்கை; மணி இல்லை, குஞ்சம் இல்லை. கை முழங்கைவரை. கொக்கி முன்பக்கம். உள்பையில் மயக்கம் வந்தால் வாயில் போட இரண்டு சாக்லேட். மாப்பிள்ளையின் தாயார் மணப்பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கல்யாணப் பொண்ணாட்டமா இருக்குது? பரிச்சைக்கு வந்த டீச்சராட்டம் இருக்குது” என்று என் மனைவிக்குக் கேட்கும்படியே சொன்னார்.

மாலை மாற்றும்போது மாப்பிள்ளையின் நண்பர்கள் வழக்கமான விளையாட்டை ஆரம்பித்தார்கள். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஏற்கெனவே உயரமானவன். பெண் எட்டிப் போட முயன்றாள், முடியவில்லை. “தங்கச்சி, ஏணி வேணுமா?” என்று கத்தினார்கள். அவள் ஓரடி பின்னால் போனாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் நேராக உயர்த்தி, ஒரு குதி குதித்து, மாலையை வீசினாள். அது அவன் கழுத்தில் போய் விழுந்தது. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நான் பந்தி ஓரத்தில் நின்ற என் மனைவியைப் பார்த்தேன். அவள் மாலையைப் பார்க்கவில்லை. பெண்ணின் அக்குளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் பிரியாமல் தாங்கிவிட்டது என்று தெரிந்தபிறகுதான் சிரித்தாள்.

யாரோ எடுத்த வீடியோ ஊர் ஊராகப் போனது. ஆனால் எங்கள் கடைக்கு அதனால் கூட்டம் வரவில்லை. பெண் எல்லை தாண்டி வந்த கதையும் கூடவே பரவிவிட்டது. அந்த வகையறாப் பெண்கள் யாரும் ஆடி முடிந்து முகூர்த்தம் தொடங்கியபிறகும் எங்கள் படி ஏறவில்லை. “மருமவள எல்லை தாண்ட வச்ச கடை” என்று பேசிக்கொண்டார்கள். எதிர்க்கடையில் அளவு ரவிக்கைகள் மூட்டையாகக் குவிந்தன. என் மனைவி கடையைத் திறந்துவைத்துக்கொண்டு, காகிதத்தில் சட்டைகள் வரைந்துகொண்டிருந்தாள்.

கார்த்திகையில் பெங்களூரிலிருந்து போன் வந்தது. பெண்களுக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவியாக இருக்கும் அம்மாள். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். “மேடம், ஆ மாலை ஹாக்கின பொண்ணு வீடியோ நோடினேன். அந்த பிளவுஸ் கட் மாடினது நீங்கதானா?” மாலை போட்ட பெண்ணின் வீடியோவைப் பார்த்தவர், அந்த வெட்டுக்காகவே அவளைத் தன் பிரிவில் வேலைக்குக் கூப்பிட்டார்.

தை பிறந்ததும் புறப்பட்டாள். “போகட்டுங்களா?” என்று என்னைக் கேட்டபோது பெட்டி பாதி அடுக்கியாகிவிட்டது. மகள் கோவையில் விடுதியில் இருந்து படிக்கிறாள். அவள் போனில், “அம்மா, போயிட்டு வாம்மா, அப்பா பூச்சி மாதிரி பேப்பரத் தின்னுட்டு இருந்துக்குவாரு” என்றாள். நானும் போ என்றுதான் சொன்னேன். ஆறு மாதம் பார்த்துவிட்டு வந்துவிடுவதாகப் பேச்சு.

அவளில்லாத வீட்டில் எதுவும் குறையவில்லை. பால் வந்தது, செய்தித்தாள் வந்தது, நான் மேசைக்குப் போய் வந்தேன். மாசிக் கடைசியில் ஒருநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து சட்டையின் தோளைத் தடவிப் பார்த்தேன். நூல் இல்லை. முந்தைய நாளும் இருந்திருக்காது. எப்போதிலிருந்து இல்லை என்று யோசித்தேன். அந்தத் தேதி மட்டும் எனக்குத் தெரியவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் போனில் பேசுவாள். “இங்க ஒரு பொம்மை வச்சிருக்காங்க. மாரு இருக்குது, இடுப்பு இருக்குது. கை இல்ல, தலை இல்ல.”

“தலை எதுக்கு உனக்கு?”

“தலை இல்லாட்டிப் போவுது. கையில்லாத பொம்மைக்குப் போட்டுப் பாத்து, ஆகா நல்லா இருக்குதுங்கறாங்க. அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு யாரு பஸ்ல கம்பியப் புடிக்கறது?”

இன்னொரு நாள், “எங்கியோ யாரையோ அளந்து ஒரு தாள்ல போட்டு வச்சிருக்காங்க. சின்னது, நடுத்தரம், பெருசுன்னு. அதுவும் அளவு ரவிக்கைதாங்க. என்ன, வெள்ளக்காரி ரவிக்கை” என்றாள். சாப்பாட்டு இடைவேளையில், தையல் வரிசையில் வேலைசெய்யும் பெண்களை நிறுத்தி அளக்க ஆரம்பித்தாள். பாதிப்பேர் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண்களே. மேலாளர் கூப்பிட்டுக் கண்டித்தார். மறுநாளும் அளந்தாள். சண்டை சித்திரை, வைகாசி முழுக்க நடந்தது. ஆனியில் ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “கையத் தாராளமாத் தூக்கற மாதிரி ஒரு சட்டைக்குக் கைக்குழிய மாத்தி வெட்ட ஒத்துக்கிட்டாங்க. ஒண்ணே ஒண்ணுதான்.” அவ்வளவு சந்தோஷமான குரலை நான் அந்தக் கல்லக்காய்க் கொல்லைக்குப் பிறகு கேட்டதில்லை. நல்லது என்றேன். ஆறு மாதம் முடிந்துவிட்டதே என்று கேட்கவில்லை.

கடைக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் திறந்து, கூட்டி, விளக்கேற்றிவிட்டு, வெட்டுமேசையில் உட்கார்ந்து படிப்பேன். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு பெண் வந்தாள்.

“டைலரம்மா எப்பங்க வருவாங்க?”

“வந்துருவாங்க.”

“அப்ப இத வச்சுக்கங்க,” என்று சுருட்டிய துணியை நீட்டினாள். உள்ளே அளவு ரவிக்கை.

வாங்கி வைத்தேன். டைலரம்மா கடையில் இப்போது அளவு ரவிக்கை வாங்குகிறார்கள் என்ற செய்தி ஒரு வாரத்தில் பரவிவிட்டது. படி ஏறாமல் இருந்தவர்களும் ஏறினார்கள். எதிர்க்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஆவணமெல்லாம் வுட்டுட்டு நம்ம தொழிலுக்கே வந்துட்டீங்களா?” என்றார். தீபாவளி நெருங்க நெருங்க அலமாரி நிறைந்தது. ஒவ்வொன்றிலும் தேதியெழுதிச் சீட்டுக் குத்தினேன். நின்றுபோன கடை மறுபடி ஓடுகிறது, இத்தனை துணியைப் பார்த்தால் அவளால் திரும்பிப் போக முடியாது என்பது என் கணக்கு. அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே சுகமாக இருந்தது.

புரட்டாசிக் கடைசி ஞாயிறு அதிகாலை வண்டியில் வந்தாள். காப்பி குடித்துவிட்டு நேராகக் கடைக்கு நடந்தோம். ஷட்டரைத் தூக்கினேன். மேல்தட்டிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துப் பிரித்தாள். சீட்டைப் படித்தாள். “புரட்டாசி மாதம், வெள்ளிக்கிழமை, பச்சைப் பட்டுத் துணி உருப்படி ஒன்று, அளவு ரவிக்கை சகிதம்.” என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“சகிதங்களா?”

சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த சுருட்டை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். பழைய ரவிக்கைகளை ஒவ்வொன்றாக மேசையில் போட்டாள். வியர்வை நிறம் படிந்தவை, கொக்கி துருவேறியவை, பக்கத்தில் பிரித்துப் பிரித்துத் தைத்தவை.

“ஊர்ல யாரு வேணா வாங்கட்டும். நீங்க வாங்கலாங்களா?”

“வேற என்ன பண்ணச் சொல்ற?”

“வான்னு சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா வந்துருப்பியா?”

அவள் ஒரு ரவிக்கையை எடுத்து மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு, “எல்லாருக்கும் போன் பண்ணுங்க. ஆளோட வரச் சொல்லுங்க” என்றாள்.

வந்தார்கள். ஞாயிறு சந்தைக்கு வந்த கூட்டம்போல் கடை நிறைந்தது. நான் வாசலுக்கு வெளியே, திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அவள் அளவுகளைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவள் சொல்ல நான் எழுதுவது அதுதான் முதல் தடவை. கை வேகமாகப் போயிற்று. மாலைவரை இப்படியே உட்கார்ந்திருக்கலாம் போலிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் அந்தக் கல்யாண மாப்பிள்ளையின் தாயார் வந்தார். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். “எனக்குக் கையத் தூக்க வராதும்மா,” என்றார். “தோளு புடிச்சுக்கிட்டு மாசக்கணக்காச்சு. முதுகுல கொக்கி மாட்ட மருமவதான் வரணும். அவ டூட்டிக்குப் போயிட்டா நான் பழைய ரவிக்கையோடதான் கெடக்கணும்.”

“தூக்க வேணாங்க அத்தை. கீழயே இருக்கட்டும். எவ்ளோ தூரம் வருது, அவ்ளோ காட்டுங்க.” வெகுநேரம் அளவு எதுவும் வரவில்லை. நான் பேனாவோடு காத்திருந்தேன். கையைத் தூக்காமலே போடக்கூடிய ரவிக்கையைப் பற்றி அவள் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு ஒரு பக்கத் தோளிலேயே திறந்து மூடும்படி வெட்டலாம் என்று சொல்வது கேட்டது.

அந்த அம்மாள் சொன்னார்: “இங்கியே இருந்துரும்மா. உனக்கு இந்த ஊருல என்ன கொறை? பேசுனவங்கள்ல நானும் ஒருத்திதான். இப்ப நானே சொல்றேன், இரு.”

நான் எழுதுவதை நிறுத்தினேன். திரைக்கு உள்ளே அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

“இங்க நான் இல்லாட்டி நீங்க எதிர்க்கடைக்குப் போவீங்க அத்தை. அவரும் நல்லாத்தான் தைப்பாரு. அங்க நான் இல்லாட்டி அந்தத் தாளையே எடுத்து வெட்டுவாங்க. இப்பத்தான் ஒரு சட்டைக்கு ஒத்துக்கிட்டிருக்காங்க. அத எந்தெந்த ஊருல யாரு போடறாங்கன்னுகூட எனக்குத் தெரியாது.” பிறகு, “இடுப்பு முப்பத்தெட்டு” என்றாள். எழுதினேன்.

வெட்டிய துணிகளைப் பின்தெருவில் வீட்டிலேயே தைக்கும் பெண்ணிடம் ஒப்படைத்தாள். தோள் திறக்கும் அந்த ஒரு ரவிக்கையை மட்டும் தானே தைக்க எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு நடக்கும்போது, “கடையக் காலி பண்ணிருங்க. வெளக்கேத்தறதுக்கா வாடகை?” என்றாள். சரி என்றேன்.

தையில் அவள் புறப்பட்டபோது அரூர் பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன். தருமபுரியில் இறங்கித்தான் பெங்களூர் வண்டி பிடிக்கவேண்டும். இந்தத் தடவை நானும் ஏறி உட்கார்ந்தேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். தருமபுரியில் பெங்களூர் வண்டியிலும் ஏறினேன். நடத்துநர் வந்தார். “பெங்களூர் ஒண்ணு, கிருஷ்ணகிரி ஒண்ணு” என்றேன்.

“நாளைக்கு நல்ல நாளு, பத்திரம் எழுத ஆளுங்க வருவாங்கன்னீங்க?” என்றாள்.

“வருவாங்க. காலையில போயிருவேன்.”

அவள் ஜன்னலோரம். காரிமங்கலம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அன்று முழுக்க நின்றே இருந்தவள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே விளக்குகள் போய்க்கொண்டிருந்தன. வா என்று இப்போது சொல்லலாம், சொன்னால் கேட்கமாட்டாள், தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கிருஷ்ணகிரி வந்தபோது தோளை மெல்ல எடுத்தேன். கண்ணைத் திறந்து, “மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்குது, புளிச்சிரும், நாளைக்கே ஊத்திக்கங்க” என்றாள். இறங்கி, எதிர்ப்பக்கம் போய்த் தருமபுரி வண்டிக்கு நின்றேன்.

ஐப்பசியில் கடையைக் காலி செய்தேன். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். அவள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறாள். பெண்கள் வீட்டுக்கே வந்து அளவு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவள் இனிமேல் இந்த ஊருக்குத் திரும்பி வரப்போவதில்லை என்று தெரியும். வரவேண்டும் என்று ஆசைப்படுவது அதனால் நின்றுவிடவில்லை. அவள் அங்கேயே இருந்து அடுத்த சட்டைக்கும் கைக்குழியை மாற்றவேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன். அவள் திரும்பிப் போகும் ஒவ்வொரு ஞாயிறும் அவளோடு பஸ் ஏறுகிறேன். போன ஞாயிறு கிருஷ்ணகிரியும் தாண்டிச் சூளகிரி வரை போனேன்.